வலி இல்லாதவர்களின் பட்டியல்

தர்மபுரிக்கு வெளியே ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் மின்னணுவியல் பாடம் நடத்துவது என் பிழைப்பு. அங்கே முனைவர் பட்டம் வாங்காத ஆசிரியர்களை நிர்வாகம் பார்க்கிற பார்வையே வேறு. மே மாதம் பிறந்தால் போதும், "இன்னுமா சார் முடிக்கல?" என்று ஒரு கேள்வி வந்து நிற்கும். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் ஏழு வருடங்களுக்கு முன்பு பகுதி நேர ஆய்வில் சேர்ந்தேன். அறிவுத் தாகம், அது இது என்று கதை விட எனக்கு வராது.

தலைப்பையும் நான் தேர்ந்தெடுக்கவில்லை. சேலத்தில் இருந்த என் வழிகாட்டிப் பேராசிரியர்தான், "மெடிக்கல் பக்கம் போயிடுப்பா, இப்ப எல்லாரும் அங்கதான் போறாங்க" என்றார். போனேன். வலியை அளக்கும் கருவி என்று முடிவாயிற்று. மணிக்கட்டில் ஒரு பட்டை, இரண்டு விரல்களில் சின்ன உலோகத் தகடுகள். வலி இருக்கும் உடம்பில் தோல் கண்ணுக்குத் தெரியாமல் வியர்க்கும், நாடித் துடிப்பின் ஒழுங்கும் லேசாக மாறும். இரண்டையும் சேர்த்து, பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண்ணைத் திரையில் காட்ட வேண்டும். கேட்பதற்குக் கடைசி வருட மாணவனின் புராஜெக்ட் போலத்தான் இருந்தது.

மருத்துவர் ஒருவரின் துணை வேண்டும் என்பதால், பாலக்கோட்டில் சிறிய மருத்துவமனை நடத்தி வந்த ஓர் எலும்பு மருத்துவரைப் போய்ப் பார்த்தேன். மதுரைப் பக்கத்துப் பெண். என்னைவிடப் பத்து வயது இளையவர். எதையும் முகத்துக்கு நேராகக் கேட்டுவிடுவார். துறை கலந்த ஆய்வு என்றால் அதை மேற்பார்க்கும் குழுவில் வெளித்துறை ஆள் ஒருவரும் இருக்க வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. வேறு யாரும் அகப்படாமல் ஓய்வுபெற்ற மெய்யியல் பேராசிரியர் ஒருவரைப் போட்டுவிட்டார்கள். கூட்டம் முழுவதும் அவர் கண்ணை மூடியபடி இருப்பார். தூங்குகிறார் என்று நாம் நிம்மதியாக இருக்கும்போது, கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

முதல் கூட்டத்தில் அவர் கேட்டது, "தம்பி, நீங்க வலிய அளக்கறீங்களா, இல்ல வலிக்காக ஒடம்பு படற பாட்ட அளக்கறீங்களா?" என்று.

"ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்றேன்.

அவர் ஒரு நோட்டில் எதையோ எழுதிக்கொண்டார். எனக்கு எரிச்சலாக வந்தது. மின்னழுத்தத்தை அளக்கிற மீட்டரைப் பார்த்து யாராவது இப்படிக் கேட்பார்களா?

கருவி செய்வதில் எனக்குச் சிரமம் இல்லை. சிரமம் பூஜ்யத்தில்தான் வந்தது. எந்த அளவுகோலுக்கும் ஒரு தொடக்கம் வேண்டும். வலி உள்ளவர்களை அளப்பதற்கு முன்னால், வலியே இல்லாதவர்களை அளந்து, இதுதான் பூஜ்யம் என்று கருவிக்குச் சொல்லித்தர வேண்டும். மருத்துவர் இதில் கறாராக இருந்தார். "ஹாஸ்டல் பசங்களப் பிடிச்சுட்டு வந்து காட்டாதீங்க சார். நம்மகிட்ட வர்ற நோயாளிங்க என்ன வயசு, என்ன வேலை பாக்கறாங்களோ, அதே வயசு, அதே வேலை, அதே ஊர்க்காரங்க வேணும். ஆனா வலி இருக்கக்கூடாது."

இது என்ன பெரிய விஷயம் என்று தோன்றியது. எங்கள் ஊரே இருக்கிறதே. மாரண்டஹள்ளியிலிருந்து சற்று உள்ளே போனால் எங்கள் ஊர். தக்காளியும் பீன்ஸும் விளைகிற பூமி. என் அப்பாவின் தங்கை, எனக்கு அத்தை, அங்கே சொந்தத் தோட்டத்தில் இன்னும் தானே இறங்கி வேலை பார்க்கிறாள். அறுபதை நெருங்கிய வயது. அத்தையிடம் விஷயத்தைச் சொன்னதும், "ஒடம்புக்கு ஒண்ணும் இல்லாதவங்கதான வேணும்? நான் கூட்டியாறன், வா" என்றாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போனேன். தக்காளி அடுக்கும் பிளாஸ்டிக் கிரேடுகளை ஓரமாக ஒதுக்கிவிட்டு, அத்தை வீட்டு முன்னறையில் பாய் விரித்து, அக்கம் பக்கத்தில் இருந்த முப்பது சொச்சம் பேரை உட்கார்த்தி வைத்திருந்தாள்.

படிவத்தில் முதல் கேள்வி, உடம்பில் எங்கேயாவது வலி இருக்கிறதா என்பது. ஒருவர் பாக்கியில்லாமல், "அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க" என்றார்கள். சிலர் கேள்வியைக் கேட்டே சிரித்தார்கள். ஒருத்தர், "வலி இருந்தா தோட்டத்துல இருப்பமா, ஆஸ்பத்திரியில இருப்பமா?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. நானும் அந்த ஊர்க்காரன்தானே. இல்லை என்ற கட்டத்தில் வரிசையாக டிக் அடித்துக்கொண்டே போனேன். வலி இல்லாதவர்களின் பட்டியல் ஒரே மதியத்தில் தயார். அத்தைக்கு அதில் பதினோராம் எண்.

பட்டையைக் கட்டினேன். திரையில் மூன்று வந்தது.

அடுத்தவருக்கும் மூன்று. அதற்கடுத்தவருக்கு மூன்றரை. அத்தைக்கு மூன்று. "எனக்கும் மூணாடா?" என்று திரையை எட்டிப் பார்த்தாள். ஒருவருக்கும் பூஜ்யம் வரவில்லை. வெயிலில் வியர்வை என்று நினைத்து மின்விசிறியின் கீழ் உட்கார வைத்துப் பார்த்தேன். அதே மூன்று. கல்லூரிக்கு வந்து தகடுகளை மாற்றினேன். பசையை மாற்றினேன். சாலிடர் எல்லாவற்றையும் பிரித்து மறுபடி வைத்தேன். வெளியூரிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருக்கும் மாணவர்களுக்குக் கட்டிப் பார்த்தால் சமர்த்தாகப் பூஜ்யம் காட்டியது. என் கையில் கட்டிக்கொண்டேன். மூன்று.

இங்கேதான் நான் புத்திசாலி ஆனேன். எனக்கு ஒரு வலியும் இல்லை என்பது எனக்குத் தெரியும். எனக்கே மூன்று காட்டுகிறது என்றால் தப்பு கருவியில்தான் இருக்க வேண்டும். மண்ணில் புழங்கிக் காய்த்துப்போன தோலில் மின்சாரம் வேறு மாதிரி பாய்கிறது என்று ஒரு காரணம் கண்டுபிடித்தேன். சாக்பீஸ் பிடிக்கும் என் கைக்கு அந்தக் காரணம் எப்படிப் பொருந்தும் என்று கேட்க யாரும் இல்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை. நிரலில் ஒரே ஒரு வரி சேர்த்தேன். எந்த எண் வந்தாலும் அதிலிருந்து மூன்றைக் கழித்துவிடு. அதற்கு 'உள்ளூர்த் திருத்தம்' என்று பெயர் வைத்து, ஆய்வேட்டில் ஒரு தனி அத்தியாயமே எழுதினேன். வழிகாட்டி, "இதுதான்பா உன் கான்ட்ரிப்யூஷன்" என்று பாராட்டினார்.

அந்த வருடக் கூட்டத்தில் மெய்யியல் பேராசிரியர் கண்ணைத் திறந்தார். "கருவி ஒண்ணு சொல்லுது, ஆளு ஒண்ணு சொல்றாரு. ரெண்டும் ஒத்துப்போகல. நீங்க கருவியத் திருத்திட்டீங்க. சரி. ஆளு சொல்றதுதான் சரின்னா, கருவி எதுக்கு தம்பி?"

நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். என்ன சொன்னேன் என்று இப்போது ஞாபகமில்லை. தட்டில் இருந்த போண்டாவை அவர் பக்கமாக நகர்த்தி வைத்தது மட்டும் ஞாபகமிருக்கிறது.

ஆய்வேடு முடிந்து, சமர்ப்பிக்க ஒரு மாதம் இருக்கும்போது மருத்துவர் தன் அறையில் கருவியை வைத்துச் சோதித்துப் பார்க்கச் சம்மதித்தார். நான் கல்லூரி முடிந்து சாயங்காலங்களில் பாலக்கோட்டுக்குப் போய், வரும் நோயாளிகளுக்குப் பட்டையைக் கட்டி எண்ணைக் குறித்துக் கொடுப்பேன். கூட்டம் அதிகமான நாட்களில் அவரும் அந்த எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் யாரை முதலில் பார்ப்பது, யாருக்கு ஊசி, யாருக்கு வெறும் களிம்பு என்று முடிவு செய்வார். என் எண் ஒன்று மருந்துச் சீட்டாக மாறுவதைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைப்பதில் பயனில்லை.

ஒருநாள் வத்தல்மலையிலிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார். சாமை விதைக்கிறவர். மலையிறங்கி இரண்டு பஸ் மாறி வந்ததாகச் சொன்னார். இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்தார். திரையில் இரண்டு வந்தது. திரையையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அப்ப ஒண்ணும் இல்லீங்களா?" என்று கேட்டார்.

"பயப்படற மாதிரி ஒண்ணும் இல்லீங்க" என்றேன்.

களிம்பை வாங்கிக்கொண்டு அவர் போனார். வாசல் வரை இடுப்பில் வைத்த கையை எடுக்கவில்லை. எனக்கு அப்போது ஒன்றுமே தோன்றவில்லை. இப்போது தினமும் தோன்றுகிறது.

அதற்கு அடுத்த வாரம் அத்தை தோட்டத்தில் சொட்டுநீர்க் குழாய் தடுக்கி விழுந்தாள். அவள் மகன் டிவிஎஸ்ஸில் உட்கார வைத்து நேராகப் பாலக்கோட்டுக்குக் கொண்டு வந்துவிட்டான். நான் அப்போது அங்கேதான் இருந்தேன். வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது. இடது கையில் பட்டையைக் கட்டினேன். நான்கு வந்தது.

"வலிக்குதுங்களா அத்தை?"

"பரவால்லடா. எண்ணெ தேச்சா சரியாப் பூடும். இவன்தான் பயந்துக்கினு இட்டாந்துட்டான்."

கருவியும் ஆளும் ஒன்றையே சொல்கிறார்கள் என்று எனக்கு மகிழ்ச்சி. மருத்துவர் மட்டும் வீக்கத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நம்பர் கெடக்கட்டும் சார், படம் எடுத்துருவோம்" என்றார்.

எலும்பு முறிந்திருந்தது. ஆனால் மருத்துவர் முறிவைப் பார்க்கவில்லை. படத்தை வெளிச்சத்தில் பிடித்து வேறொரு இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முன்கையில் இரண்டு எலும்புகள் இருக்கின்றன அல்லவா, அவற்றுக்கு நடுவே படத்தில் கறுப்பாக இடைவெளி தெரிய வேண்டும். அத்தையின் படத்தில் அந்த இடைவெளிக்குள் எலும்பின் ஓரத்திலிருந்து வெள்ளையாக, சேலை முந்தியின் குஞ்சம் போல, என்னவோ நீட்டிக்கொண்டிருந்தது. எலும்புகளும் இருக்க வேண்டியதைவிட அதிக வெள்ளையாக இருந்தன. முதுகையும் ஒரு படம் எடுக்கச் சொன்னார். அதிலும் அதே வெள்ளை.

அத்தையை வெளியே உட்கார வைத்துவிட்டு என்னிடம் கேட்டார். "இவங்க உங்க லிஸ்ட்ல இருக்காங்களா சார்?"

"பதினொண்ணு" என்றேன். "வலி இல்லாதவங்க."

"இந்த முதுகோட வலி இல்லாம இருக்க முடியாது. சின்ன வயசுலருந்து குடிச்ச போர் தண்ணி. ஃபுளோரைடு எலும்புல படிஞ்சிருக்கு. உங்களுக்குத் தெரியாததா?"

தெரியாமல் என்ன. எங்கள் பக்கத்து ஆளைப் பல்லைப் பார்த்தே எந்த ஊர் என்று சொல்லிவிடலாம். என் பல்லிலும் பழுப்புக் கறை உண்டு. கல்லூரிப் போட்டோக்களில் நான் வாயை மூடியபடிதான் இருப்பேன். ஆனால் அது பல்லோடு நின்றுவிட்ட விஷயம் என்றே நான் நினைத்திருந்தேன். ஒகேனக்கல் தண்ணீர் குழாயில் வர ஆரம்பித்த பிறகு ஊரில் அந்தப் பேச்சே நின்றுபோனது. முன்பு குடித்ததெல்லாம் எங்கே போயிருக்கும் என்று யாரும் கேட்கவில்லை. நானும்தான்.

"உங்களுக்கு எத்தனை காட்டுச்சு சார், திருத்தத்துக்கு முன்னாடி?"

"மூணு."

மருத்துவர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "தாடைய நெஞ்சுல தொடுங்க பாப்போம்."

குனிந்தேன். தொடவில்லை. நான்கு விரல் இடைவெளி இருந்தது. "யாராலயும் முடியாதே" என்றேன்.

அவர் தன் தாடையை நெஞ்சில் வைத்துக் காட்டினார். யோகா செய்கிறவர் போல என்று நினைத்தேன். அடுத்து, முழங்காலை மடக்காமல் குனிந்து கால் விரலைத் தொடச் சொன்னார். முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் வரைக்கும்தான் என் கை போனது. இரண்டு கைகளையும் பக்கவாட்டில் தூக்கித் தலைக்குப் பின்னால் கோக்கச் சொன்னார். கோத்தேன், ஆனால் முழங்கைகள் முன்னால் வந்து முகத்தை மறைத்தன.

"வலிக்குதா?" என்று கேட்டார்.

"இல்லியே" என்றேன். அப்படிச் சொன்ன பிறகுதான், இதையேதான் அந்த முப்பது சொச்சம் பேரும் சொன்னார்கள் என்று உறைத்தது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் தாடையை நெஞ்சில் தொடச் சொன்னேன். அவள் நாகப்பட்டினம் பக்கம். பீன்ஸ் நறுக்கிக்கொண்டே தொட்டுக் காட்டிவிட்டு, "இது என்ன வெளாட்டு?" என்றாள். விஷயத்தைச் சொன்னேன். அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "கல்யாணம் ஆன நாள்லேருந்து சொல்றேன், கூப்பிட்டா கழுத்தத் திருப்பாம ஆளே முழுசா திரும்புறீங்கன்னு. நீங்கதானே அது உங்க ஊரு மரியாதைன்னீங்க?"

உண்மைதான். எங்கள் ஊரில் பின்னாலிருந்து யாராவது கூப்பிட்டால் நின்று, உடம்போடு திரும்பித்தான் பேசுவார்கள். கழுத்தை மட்டும் திருப்பிப் பேசினால் திமிர் பிடித்தவன் என்று பெயர் வந்துவிடும். சிறுவயதில் நான் அப்படித் திரும்பியதற்காகத் திட்டு வாங்கியிருக்கிறேன். அதை மரியாதை என்று நம்பி என் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். மரியாதை முதலில் வந்ததா, கழுத்துப் பிடிப்பு முதலில் வந்ததா என்று இப்போது யோசித்தால் தலை சுற்றுகிறது. ஓர் ஊரே கழுத்து திரும்பாததை நல்ல பழக்கம் என்று வைத்திருக்குமா? வைத்திருக்கும் போலத்தான் இருக்கிறது.

அதன் பிறகு நான் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. எனக்கு வலி இருக்கிறதா, இல்லையா? இது என்ன கேள்வி, அவனவனுக்குத் தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். எனக்குத் தெரியவில்லை. வகுப்பில் பாடம் நடத்தும்போது நடுவில் நிறுத்திவிட்டு என் முதுகைக் கவனிப்பேன். கவனித்தால் அங்கே என்னவோ இருக்கிறது. கனமாக, இறுக்கமாக. அது வலியா? பிறந்ததிலிருந்து முதுகு என்றால் அப்படித்தானே இருந்திருக்கிறது? கவனிப்பதை விட்டால் அதுவும் இல்லை. நான் தேடும்போது மட்டும் வருகிற ஒன்றை நான் உண்டாக்குகிறேனா, கண்டுபிடிக்கிறேனா? மாணவர்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சார், அந்த ஈக்வேஷன் தப்பா சார்?" என்று கேட்டார்கள்.

வேறு வழியில்லாமல் மெய்யியல் பேராசிரியருக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "ஒருத்தருக்கே தெரியாம அவருக்கு வலி இருக்க முடியுமா சார்?" என்று கேட்டேன். ஏழு வருடத்தில் நான் அவரிடம் கேட்ட முதல் கேள்வி அது.

மறுமுனையில் கொட்டாவி விடும் சத்தம் கேட்டது. தூங்கிவிடுவாரோ என்று நினைத்தேன்.

"தெரியாம இருந்தா அது வலியே இல்லன்னு ஒரு கட்சி இருக்குப்பா. கவனிக்காம இருக்கலாம், ஆனா அது இருக்கும்னு இன்னொரு கட்சி. நான் ரெண்டையும் முப்பது வருசம் பாடம் நடத்திருக்கேன்."

"நீங்க எந்தக் கட்சி சார்?"

"காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. போன மாசம் பல்லு வலி வந்தப்ப ரெண்டும் ஒதவல. நீங்க எதாச்சும் கண்டுபிடிச்சா சொல்லுங்க தம்பி."

இவரிடம் போய்க் கேட்டேனே என்று என் மேலேயே கோபம் வந்தது. ஆனால் அன்றைக்கு எனக்குப் பொய் சொல்லாதவர் அவர் ஒருவர்தான் என்பதும் உண்மை.

வழிகாட்டிக்கு இந்தக் குழப்பமெல்லாம் கிடையாது. நான் சேலம் போய் அவர் எதிரே உட்கார்ந்து சொல்லி முடித்ததும், "ஒரு ஆளு தப்பாப் போச்சு, அவ்வளவுதான? தூக்கிடு" என்றார். "உன் ரீடிங்கையும் தூக்கிடு. விருப்பப்பட்டு வெலகிக்கறேன்னு ஒரு ஃபார்ம் இருக்கு, அத்தைகிட்ட கையெழுத்து வாங்கு. மீதி ஆளுங்களுக்கு எக்ஸ்ரே எடுத்தியா?"

"இல்லீங்க சார்."

"எடுக்காத. எடுத்தாத்தான தெரியும்? ரெண்டு தடவ டைம் நீட்டிச்சு வாங்கியாச்சு. இந்த மாசக் கடைசிய விட்டா உன் பதிவே ரத்தாயிடும். ஏழு வருசம்பா. யோசிச்சுக்க."

யோசித்தேன். வேறென்ன வேலை எனக்கு? சமர்ப்பித்தால் நான் முனைவர். மே மாதக் கேள்வி இனி வராது. ஆனால் மூன்றைக் கழிக்கும் அந்த ஒரு வரியும் என் பட்டத்தோடு சேர்ந்து போகும். பாலக்கோட்டு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு. எங்கள் பக்கத்து ஆள் எவர் போய்க் கையை நீட்டினாலும், அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே அவர் வலியில் மூன்றைப் பிடுங்கிக்கொண்டுதான் கருவி பேசும். வத்தல்மலைப் பெரியவருக்கு உண்மையில் வந்தது ஐந்து. நான் அதை இரண்டாக்கி அனுப்பினேன். ஒருவேளை மருத்துவர் சொல்வதுதான் தப்பாக இருந்தால்? அத்தைக்கு நிஜமாகவே வலி இல்லை என்றால்? அவள்தானே சொன்னாள்? அவள் உடம்பைப் பற்றி அவளைவிட அதிகம் தெரியும் என்று சொல்ல நான் யார்? இப்படியே இரண்டு பக்கமும் ஊசலாடி, கடைசியில் கோழைத்தனமாகப் படிவத்தை அச்செடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன். அத்தை கையெழுத்துப் போட்டால் சமர்ப்பித்துவிடுவது. பாரத்தை அவள் தலையில் போட்டாயிற்று.

சனிக்கிழமை பத்து மணிக்கு ஊருக்குப் போனேன். கையில் மாவுக்கட்டோடு அத்தை கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் வா என்றுகூடச் சொல்லவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முகத்தை என்ன, ஆளே திரும்பினாள்.

"என்னாச்சுங்க அத்தை? கை வலிக்குதுங்களா?"

"கையா? கை கெடக்குது. நீயும் உன் டாக்டரம்மாவும் சேந்து எனக்கு என்னாடா மாத்திரை குடுத்தீங்க?"

எனக்குப் பயமாகிவிட்டது. "ஏன், வாந்தி கீந்தி வந்துச்சுங்களா?"

"நான் பாட்டுக்கு நல்லாதான இருந்தன். ஒரு நோவு இருந்துச்சா எனக்கு? நீயே கேட்டியே, இல்லன்னுதான சொன்னன்? கை ஒடஞ்சதுக்குன்னு அஞ்சு நாளு மாத்திரை குடுத்தாங்க. தின்னன். அஞ்சு நாளும் போச்சு. மாத்திரை தீந்துச்சு. இப்ப இடுப்பு வலிக்குது, முட்டி வலிக்குது, கழுத்து வலிக்குது. வலி இல்லாத எடமே இல்ல. ஒடஞ்சது கைதான? இதெல்லாம் எங்கிருந்துடா வந்துச்சு?"

நான் அவள் எதிரே இருந்த கிரேடு மேல் உட்கார்ந்தேன். என்ன நடந்திருக்கிறது என்று எனக்கு மெல்ல மெல்லத்தான் புரிந்தது. மணிக்கட்டுக்காகக் கொடுத்த மாத்திரை மணிக்கட்டோடு நிற்குமா? அது அவள் உடம்பு முழுவதும் போயிருக்கிறது.

"அந்த அஞ்சு நாளு எப்படி இருந்துச்சுங்க அத்தை?"

அவளுடைய கோபம் சட்டென்று இறங்கிவிட்டது. மாவுக்கட்டின் ஓரத்தை விரலால் நிரடிக்கொண்டே சொன்னாள்.

"அடுப்பாண்ட தரையில ஒக்காந்தன்டா. ஒக்காந்துட்டு எதையும் புடிக்காம எந்திரிச்சன். மொதல்ல எனக்கே ஒண்ணும் தோணல. அப்பறம்தான், அட, செவுத்தப் புடிக்காம எந்திரிச்சமேன்னு மறுக்கா ஒக்காந்து எந்திரிச்சன். யாரும் பாக்கலியேன்னு நாலஞ்சு தடவ. காலையில கண்ணு முழிச்சதும் எந்திரிக்கலாம்போல இருந்துச்சு. தெனமும் எந்திரிக்கறதுக்கு முன்ன கொஞ்ச நேரம் படுத்தே கெடப்பன். எல்லாரும் அப்படித்தான்னு இருந்தன்." நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "நீ படிச்சவன். சொல்லு. மத்த ஊர்ல எல்லாம் மனுசங்க தெனமும் அப்படித்தான் இருக்காங்களா? அந்த அஞ்சு நாளு மாதிரி?"

ஏழு வருடம் படித்ததில், எழுதியதில், அளந்ததில் இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்திருக்க வேண்டும். என் மனைவி அப்படி இருக்கிறாளா? அந்த மருத்துவர்? ஹாஸ்டல் பையன்கள்? கருவி அவர்களுக்குப் பூஜ்யம் காட்டியது. ஆனால் பூஜ்யம் என்றால் உள்ளே எப்படி இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

"தெரியலீங்க அத்தை" என்றேன். "நான் அப்படி இருந்ததில்ல."

அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தாள். அவள் கண் கலங்கியது தனக்காகவா எனக்காகவா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, என் பையில் நீட்டிக்கொண்டிருந்த காகிதத்தைக் காட்டி, "அது என்னா, கையெழுத்தா? சோத்துக் கைதான் கட்டுல கெடக்குது. எடது கையில ரேக வெக்கறன், குடு" என்றாள். எதற்கென்றுகூடக் கேட்கவில்லை.

"வேணாங்க அத்தை. இது தப்பான காயிதம்."

வாசலுக்கு வந்து வழிகாட்டிக்குப் போன் செய்தேன். இந்த மாதம் சமர்ப்பிக்கவில்லை என்றும், அந்தத் திருத்தத்தை எடுத்துவிடப் போகிறேன் என்றும் சொன்னேன். அவர் பேசியதை முழுதாகக் கேட்டுக்கொண்டேன். நான் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டார். அடுத்து பாலக்கோட்டுக்குப் போன் செய்து, கருவியை மேசையிலிருந்து எடுத்து வைத்துவிடும்படியும், வத்தல்மலைப் பெரியவரைத் திரும்ப வரவழைக்க, மலையில் அவருக்கு எந்த ஊர் என்று பதிவேட்டில் இருக்கிறதா என்று பார்க்கும்படியும் கேட்டேன். செய்தது சரிதானா என்று அப்போதும் எனக்குத் தெரியாது. இப்போதும் காலையில் ஒன்று தோன்றுகிறது, சாயங்காலம் ஒன்று.

கிளம்பும்போது செருப்பை மாட்டுவதற்காக நிலையைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். வார் கைக்கு எட்டவில்லை. காலைப் படிமேல் தூக்கி வைத்து, மறுபடி குனிந்து, ஒருவழியாக மாட்டினேன். நிமிர்ந்தபோது அத்தை உள்ளிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கும் மூணாடா?" என்று கேட்டாள்.

"ஆமாங்க அத்தை" என்றேன்.